மொனிகாவுக்கு வந்த வாக்கு

எனக்கு இத்தாலி மொழியில் கடிதம் எழுத வரும் என்பது பலேர்மோத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்துபோனது. தெரியாமல் இருந்திருந்தால் என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே மிஞ்சியிருக்கும். ஒரு கிழட்டுச் சட்டத்தரணியின் வீட்டில் இருபத்திரண்டு வருடம் சமைத்து, சட்டை மடித்து, அவருக்குக் கண் மங்கிய பிறகு வருகிற கடிதமெல்லாம் வாசித்துக் காட்டியதில் ஒட்டிக்கொண்ட மொழி அது. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி புதுப்பிக்க வேண்டுமா, குவெஸ்தூராப் பொலிசுக்கு விளக்கம் எழுத வேண்டுமா, "கோபாலண்ணையிட்டைப் போங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள். நானும் வாயால் புறுபுறுத்துக்கொண்டே கையால் எழுதிக் கொடுத்துவிடுவேன். எல்லாம் எழுதியிருக்கிறேன். ஒரு தாயிடமிருந்து அவள் மகன் செத்துப்போனான் என்று எழுதி வாங்கும் வேலை மட்டும் அன்றைக்கு வரை வந்ததில்லை.

ஆனி மாதத்து ஞாயிறு. ஷிரோக்கோ என்று இங்கே சொல்லும் ஆபிரிக்கக் காற்று மூன்றாம் நாளாக அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி அரை மணித்தியாலத்தில் அப்பளமாகிவிடும், ஆனால் செம்புழுதி அப்பி மறுபடி தோய்க்க வேண்டும். என் மனுசி கனகேஸ்வரி அந்தக் கோபத்தில் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, மேலை போய் வாயை வைக்காதையுங்கோ. அவையள் வேதக்காரர், அவையின்ரை விசயம் அவையோடை. எழுதச் சொன்னதை எழுதிப்போட்டு இறங்கி வாங்கோ."

"நான் எப்ப வாயை வைச்சனான்?"

"எப்ப வைக்கேல்லை?" என்றாள் மனுசி.

பல்லரோச் சந்தைக்குப் பின் ஒழுங்கையில் எங்கள் கட்டடம். நாங்கள் முதலாம் மாடி. நாலாம் மாடியில் எமிலியானா அக்கா, அவர் கணவர் சூசைதாசன் அண்ணை, மருமகள் மொனிகா. லிஃப்ட் கிடையாது. அவர்கள் வீட்டுக் கூரையிலிருந்து சாந்து உதிர்ந்து ஒருமுறை பாயாசச் சட்டிக்குள்ளேயே விழுந்தது. அதைவிட நல்ல வீடுகள் எத்தனையோ வந்தும் எமிலி அக்கா மாறவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். மகன் வந்தால் இந்த விலாசத்துக்குத்தான் வருவான்.

மகன் பெயர் றொனி. தாய்தகப்பன் இங்கே வந்து பேப்பர் எடுத்தபோது அவனுக்குப் பதினெட்டு கடந்திருந்தது, கூப்பிட முடியவில்லை. ஊரிலேயே மொனிகாவைக் கட்டினான். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் இரண்டு பேரும் முள்ளிவாய்க்காலுக்கு இங்கால் வந்து சேர்ந்தார்கள். அங்கே ஆமி ஆண்களைப் புறம்பாக்கி ஒரு பஸ்ஸில் ஏற்றியதை மொனிகா கண்டாள். சன்னலோரம் இருந்தானாம். கை காட்டினானாம். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு எந்தத் தடுப்பு முகாமிலும் எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை.

மொனிகாவை வேலை விசாவில் இங்கே எடுப்பித்தது மாமியார்தான். அவள் வந்து இறங்கிய நேரம் எமிலி அக்கா சாப்பாட்டை விட்டுவிட்டுப் படுத்துக்கிடந்தார். எழுந்தால் தலைசுற்றும், படுத்தால் அழுகை. டொக்டர் கொடுத்த குளிசையைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவைப்பார். இன்னும் ஒரு மாதம் போனால் ஆளில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அந்த வருடம் தவக்காலத்தில், தமிழ்ப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் செபக்கூட்டம் நடந்தது. சூசைதாசன் அண்ணை மனைவியைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் இருத்தினார். கூட்டத்தின் நடுவே மொனிகா எழுந்து நின்றாள். கை கால் நடுங்கியதாம். சத்தம் அவளுடைய சத்தம் மாதிரியே இல்லையாம். "மகளே, உன்ரை பிள்ளையை நான் கைவிடேல்லை. தண்ணி வழியா அவனைக் கொண்டுவருவன். உன்ரை வாசலிலை நிப்பான்" என்று சொல்லிவிட்டு அப்படியே சரிந்து விழுந்தாள். எங்கள் கோயில்களில் கலை வரும் என்போம். அவர்கள் வாக்கு வந்தது என்கிறார்கள். நான் இரண்டுக்கும் தூர நிற்கிற ஆள்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அடுத்த நாள் காலை எமிலி அக்கா எழும்பி, புட்டு அவித்துச் சாப்பிட்டார்.

அத்துடன் நிற்கவில்லை. தண்ணி வழியா என்றால் கப்பல்தானே என்று, ஒரு பணக்கார இத்தாலிச் சிஞ்ஞோரா வீட்டில் இருந்த சொகுசான வேலையை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போய்விட்டார். நேப்பிள்ஸ் கப்பல் காலையில் வந்து கட்டியதும் ஏறி, அறை அறையாகப் படுக்கை விரிப்பு உரித்து, கழிப்பறை கழுவி, மாலைப் பயணத்துக்கு ஆயத்தம் செய்கிற வேலை. நாரி முறிகிற வேலை. ஏறியதும் முதல் பத்து நிமிடம் அக்கா வேலை செய்ய மாட்டார். மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே இறங்கிப் போகிற சனத்தின் முகங்களைப் பார்ப்பார். பதின்மூன்று வருடமாக, லீவு நாள் தவிர, தினமும்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு அவருடைய முதல் இரண்டு அறைகளையும் யாராவது செய்ய வேண்டுமே. அதைச் செய்தவன் விமலராஜ். மன்னார்ப் பக்கம் பேசாலைப் பொடியன், பொடியன் என்ன, நாற்பத்திரண்டு வயது. ஒருவரும் சொல்லாமல் தானாகச் செய்தான். அதில் மனம் குளிர்ந்துதான் அக்கா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார். வந்தான், சாப்பிட்டான், மொனிகாவைக் கண்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது யார் என்று கேட்டால் அக்காவைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது இரண்டு பேரும் கலியாணம் கட்டக் கேட்கிறார்கள். ஊரிலிருந்து எடுக்க வேண்டிய, காணாமல்போனவர்களுக்குக் கொடுக்கும் மரணப் பதிவுப் பேப்பர் வந்துவிட்டது. கோயிலுக்கு அது போதாது. ஆயர் இல்லத்துக்குப் பெற்றவர்களின் வாய்மொழி எழுத்தில் வேண்டும்: எங்கள் மகன் உயிரோடு இல்லை என்று நம்புகிறோம் என்று தாயும் தகப்பனும் கையெழுத்திட வேண்டும். அது இல்லையென்றால் கோயிலில் கலியாணம் இல்லை.

மேலே போனபோது கதவு திறந்தே இருந்தது. சூசைதாசன் அண்ணை நிலத்தில் பேப்பர் விரித்துச் சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மொனிகா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு கதிரை நுனியில் விமலராஜ். எமிலி அக்கா மேசையில் இருந்தார். சுவாமியார் கொடுத்த தாள் காற்றுக்குப் பறக்காமல் சீனிப் போத்தலுக்குக் கீழே இருந்தது.

"வாங்கோ தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டு எழுதுவம்."

"என்ன எழுதுறது எண்டு முடிவு எடுத்தாச்சே அக்கா?"

"ஓம். எழுதுங்கோ. என்ரை மகன் உயிரோடை இருக்கிறான்."

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. விமலராஜ் நிலத்தைப் பார்த்தான்.

"அக்கா, அப்பிடி எழுதினால் இவளுக்குக் கலியாணம் இல்லை."

"உண்மையை எழுதச் சொல்லித்தானே சுவாமி சொன்னவர். நான் பொய்க் கையெழுத்துப் போட்டிட்டு எப்பிடி நன்மை எடுக்கிறது?"

நன்மை என்றால் பூசையில் சுவாமியார் கொடுக்கிற அப்பம். அவர்களுக்கு அது உயிர். எனக்கு இதெல்லாம் பிடிபடாது. கனகேஸ்வரி சொன்னதை மறந்து வாயை வைத்தேன்.

"அப்ப கோயிலை விடுங்கோவன். கொமூனே நகரசபையிலை பதிவு வைச்சாலும் கலியாணம் கலியாணம்தானே, பிள்ளை?"

"இல்லை அண்ணை," என்றாள் மொனிகா. "பதிவு மட்டும் வைச்சால் எனக்கும் நன்மை இல்லை. பதினாறு வருசம் அது ஒண்டைப் பிடிச்சுத்தான் நிண்டனான்."

ஒரு தாளில் மாமியாருக்கு நன்மை போகிறது, அந்தத் தாள் இல்லாமல் மருமகளுக்கு நன்மை போகிறது. இது என்ன கணக்கு என்று எனக்குத் தலை சுற்றியது. சரி, கெட்டித்தனமாக ஒரு வழி சொல்லுவோம் என்று நினைத்தேன்.

"அக்கா, கோவிக்காதையுங்கோ. வாக்கு என்ன சொன்னது? தண்ணி வழியா வருவான், வாசலிலை நிப்பான். இந்தா, கப்பல் வேலையாலை ஒருத்தன் வந்தான், உங்கடை வாசலிலை நிண்டான். இவனும் ஒரு பிள்ளைதானே. வாக்குப் பலிச்சுப் போச்சு எண்டு எடுத்தால் என்ன?"

எமிலி அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்த மனுசனுக்கா நான் தேத்தண்ணி போட்டேன் என்கிற பார்வை.

"தம்பி, நான் பெத்தது ஆரை எண்டு எனக்குத் தெரியும். விமலனை நான் பெறேல்லை. நல்ல பிள்ளை, ஆனால் நான் பெறேல்லை. உந்த விசர்க்கதை இனிக் கதையாதையுங்கோ."

வாங்கிக் கட்டிக்கொண்டு பேனை மூடியைத் திருகினேன்.

அப்போதுதான் சூசைதாசன் அண்ணை மீன் கையோடு எழும்பினார். கூடக் கதைக்கிற ஆள் இல்லை. வியா மக்வேதாத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் இருபது வருடம் கோப்பை கழுவியவர். அங்கே கதைக்கவும் ஆள் இல்லை.

"கோபாலு, என்ரை கடிதத்தை முதல் எழுது. அவன் இல்லை எண்டு எழுது. நான் போடுறன்."

"என்னப்பா சொல்லுறியள்?" என்றார் அக்கா.

"எட்டு வருசமா நான் கார்த்திகை மாசம் அவன்ரை பேரிலை பூசை குடுக்கிறனான். மரிச்ச ஆத்துமாக்களின்ரை திருநாளுக்கு. எங்கடை கோயிலிலை இல்லை. துறைமுகத்தடி இத்தாலியன் கோயிலிலை. அங்கை ஒருத்தருக்கும் தெரியாது. அந்தச் சுவாமி றொனி, றொனி எண்டு பட்டியலிலை வாசிப்பார். நான் கடைசி வாங்கிலை இருந்து அழுதுபோட்டு வருவன்."

அக்கா எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது.

"உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு மரிச்ச பூசையோ! எட்டு வருசம் என்ரை பக்கத்திலை படுத்து எழும்பினனீங்கள், ஒரு சொல்லுச் சொன்னனீங்களே? ஐயோ மாதாவே, நான் ஒவ்வொரு நாளும் வா வா எண்டு கூப்பிட, பெத்த தகப்பன் போ போ எண்டு அனுப்பியிருக்கிறார்!"

"எனக்கும் அவன் பிள்ளைதானே, எமிலி. எனக்கு எங்கையாவது இருந்து அழவேணும் எல்லோ. நீ இஞ்சை அழ விடேல்லை."

காற்று சன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது. மீன் நாற்றமும் தேங்காய்ப்பூ வாசமும் புழுதியுமாக அந்த அறைக்குள் ஐந்து பேர். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. உண்மையில் யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை. அண்ணை சொன்னது சரிபோல இருந்தது, அக்காவைப் பார்த்தால் அக்கா சரிபோல இருந்தது.

அக்கா மொனிகாவின் பக்கம் திரும்பினார். சத்தம் இறங்கியிருந்தது.

"நீதானே சொன்னனி. நீயே சொல்லு. அண்டைக்கு உன்ரை வாயிலை வந்தது ஆர்?"

மொனிகா திருவலையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். முப்பத்தெட்டு வயது. காதோரம் நரைத்துவிட்டது.

"தெரியாது மாமி."

"தெரியாதெண்டால்?"

"உடம்பு நடுங்கினது உண்மை. நான் நடிக்கேல்லை, சத்தியமா நடிக்கேல்லை. வாய் தானாத் திறந்தது. ஆனால் அதுக்கு முதல்நாள் முழுக்க நான் அழுதுகொண்டு மண்டாடினனான், ஆண்டவரே, மாமியும் செத்தால் நான் இந்த ஊரிலை ஆரோடை இருக்கிறது, அவவை எழுப்பிவிடும் எண்டு. அந்த மண்டாட்டந்தான் வாக்கா வந்துதோ, ஆண்டவர்தான் கதைச்சவரோ, இண்டுவரைக்கும் தெரியாது. பாவசங்கீர்த்தனத்திலையும் கேட்டனான். சுவாமியும் தெரியாது எண்டிட்டார்."

"பதின்மூண்டு வருசம் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சாப்பிடத் தொடங்கியிட்டியளே, மாமி."

எமிலி அக்கா விழுந்த கதிரையைத் தானே நிமிர்த்தி வைத்து அதில் இருந்தார். பிறகு சொன்னார்: "அப்ப இப்ப கேள். இந்த இடத்திலை முழங்காலிலை நிண்டு கேள். அண்டைக்கு வந்தவர் இண்டைக்கும் வரட்டும். அவன் இல்லை எண்டு அவர் சொன்னால் நான் கையெழுத்து வைக்கிறன்."

சூசைதாசன் அண்ணை "எமிலி, உது பாவம்" என்றார். அக்கா கேட்கவில்லை.

மொனிகா மீன் பேப்பருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றாள். கண்ணை மூடினாள். விமலராஜ் எழும்பி நின்றான்; கும்பிடுவதா வெளியே போவதா என்று தெரியாமல் நின்றான். நான் சைவக்காரன், எனக்கு அங்கே என்ன வேலை? இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

ஒரு சொல் போதும். அவன் என்னிடத்தில் இருக்கிறான் என்று ஆண்டவர் சொன்னதுபோலக் கொஞ்சம் நடுங்கிச் சொன்னால் எல்லாம் முடிந்தது. அக்கா அழுவார், கையெழுத்து வைப்பார், அடுத்த மாதம் கலியாணம். சொல்லிவிடு பிள்ளை, சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

கீழே சந்தையிலிருந்து ஒருத்தன் தர்ப்பூசணி விலை கூவிக்கொண்டிருந்தான். அவன் கூவி முடித்து, மறுபடி தொடங்கி, மறுபடி முடித்தான். மொனிகாவின் உதடு இரண்டு முறை அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"ஒண்டும் வரேல்லை மாமி."

"ஒண்டுமே?"

"ஒண்டும் இல்லை. வெறுமையா இருக்கு. இல்லாததை நான் எப்பிடிச் சொல்ல? நீங்கள் கையெழுத்து வைக்காட்டிலும் பறவாயில்லை. நான் இப்பிடியே இருக்கிறன்."

விமலராஜ் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அம்மா, கடிதம் எழுதினாலும் எழுதாட்டிலும், விடிய உங்கடை முதல் ரெண்டு அறையும் நான் செய்வன். நீங்கள் போய்ப் பாருங்கோ. அதை விடச் சொல்லி நான் கேக்கேல்லை."

அக்கா எழும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்து, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் கொதித்துச் சத்தம் போட்டும் இறக்கவில்லை. மொனிகா எழும்பிப் போய் இறக்கினாள். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அக்கா மட்டும் ஒரு கையால் மொனிகாவின் முழங்காலில் ஒட்டியிருந்த மீன் செதிளைத் தட்டிவிட்டார்.

"அவள் பொய் சொல்லியிருந்தால் நான் கண்டுபிடிச்சிருப்பன்," என்றார் சுவரைப் பார்த்து. "பொய் சொல்லுவாள் எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனான். சொல்லியிருந்தால் நான் கையெழுத்து வைச்சிருக்க மாட்டன்." பிறகு என்னிடம் சொன்னார்: "எழுதுங்கோ தம்பி."

"என்னெண்டு அக்கா?"

"சுவாமி கேட்ட மாதிரி எழுதுங்கோ."

எழுதினேன். கீழே கையொப்பமிடும் நான், றொனியின் தாய், என் மகன் உயிரோடு இல்லை என்று நம்புகிறேன். இத்தாலியில் அது ஒன்றரை வரிதான் வந்தது. பேனையை நீட்டினேன். வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். "நம்புகிறேன்" என்ற இடத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"நம்புறன் எண்டோ போட்டிருக்கு?"

"ஓம் அக்கா. அப்பிடித்தான் கேக்கினம்."

"நான் நம்பேல்லையே தம்பி."

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்தார். இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டு, அது தப்பு என்று நினைவு வந்து வலது கையால் மறுபடி போட்டார். பிறகு கப்பலில் வரவுத் தாளில் இடுகிற அதே கையெழுத்தை, பெரிய எழுத்தில், மெல்ல மெல்ல இட்டார். "இந்தப் பாவம் என்னோடை," என்றார். "நன்மை எடுக்காமல் இருக்கிறன். அவள் எடுக்கட்டும்."

மொனிகா மாமியாரின் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். சூசைதாசன் அண்ணை தன் தாளில் கையெழுத்து வைத்தார். ஒரு மூலையில் மீன் இரத்தம் பட்டுவிட்டது. பறவாயில்லை என்று நான் இரண்டையும் மடித்து உறைக்குள் வைத்தேன். பதினாறு வருடம் தள்ளி ஒரு சாவீடு நடந்ததுபோலவும் இருந்தது, ஒரு கலியாண வீடு தொடங்கியதுபோலவும் இருந்தது. எதற்குரிய முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

படியிறங்கப் போனவனை எமிலி அக்கா வாசலில் மறித்தார். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, அவன் வந்தால் உதைக் காட்டுவினமோ?"

"ஆர் அக்கா காட்டப்போகினம்? அது ஆயர் இல்லத்திலை கிடக்கும்."

"எங்கடை சனம் சொல்லாமல் விடாது. தாயே எழுதிக் குடுத்தவ எண்டு ஆரும் சொல்லுவினம். அப்ப நீங்கள் ஒண்டு செய்யுங்கோ. அம்மா எழுதேல்லை, நான்தான் எழுதினனான் எண்டு சொல்லுங்கோ. உங்கடை எழுத்துத்தானே. நீங்கள் சொன்னால் நம்புவான்."

பதினாறு வருடம். அந்த பஸ்ஸில் ஏறியவர்களில் ஒருவர் திரும்பினார் என்று நான் கேள்விப்பட்டதில்லை. பலேர்மோவில் இதில் என்னைப்போல் தெளிவாக இருந்த ஆளும் இல்லை.

"ஓம் அக்கா," என்றேன். "அவன் வரட்டும். நான்தான் எழுதினனான் எண்டு நானே சொல்லுறன். நீங்கள் யோசியாமல் போய்ச் சாப்பிடுங்கோ."

கீழே கனகேஸ்வரி இரண்டாம் முறையாகத் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"எழுதியாச்சே?"

"ஓம். ரெண்டு பேரும் வைச்சிட்டினம்."

"பிறகேன் முகம் இப்பிடிக் கிடக்கு? வாயை வைச்சு வாங்கிக் கட்டினியளோ?"

"இன்னும் இல்லை," என்றேன். "வந்த பிறகுதான் வாங்குவன்."

"ஆர் வந்த பிறகு?"

"றொனி," என்றேன்.